முதல் எபிசோடை நம்பலாமா? புதிய சூப்பர்ஹீரோ தொடரை அன்றே பார்ப்பதா, பொறுத்திருப்பதா

புதிய சூப்பர்ஹீரோ தொடர் ஒன்று வெளியாகும்போது கொழும்பில் இருக்கும் ரசிகருக்கு மூன்று வழிகள் உண்டு. வந்த அன்று மாலையே முதல் எபிசோடைப் பார்த்துவிடலாம். மூன்று எபிசோட் சேரும்வரை பொறுக்கலாம். அல்லது சீசன் முழுவதும் முடிந்த பிறகு ஒரு போயா விடுமுறையில் ஒரே இருப்பில் பார்த்து முடிக்கலாம். எந்தத் தொடருக்கு எந்த வழி பொருந்தும் என்பதை டிரெய்லரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. முதல் நாளில் எத்தனை எபிசோட் தருகிறார்கள், சீசனில் மொத்தம் எத்தனை, முதல் எபிசோடை இயக்கியவர்தான் மற்றவற்றையும் இயக்கினாரா: இந்த மூன்றையும் வெளியீட்டுக்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம். முடிவுக்கு வேண்டியதில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும்.

முதல் நாளில் எத்தனை?

ஒரே நாளில் முழு சீசனும் வருவது நெட்பிளிக்ஸ் பழக்கிவிட்ட முறை. 2015 ஏப்ரல் 10ஆம் திகதி 'டேர்டெவில்' தொடரின் 13 எபிசோடும் ஒன்றாக வந்தன. அதன் முதல் எபிசோடில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெரும்பாலும் அறிமுகம்தான். பார்வையற்ற வழக்கறிஞர், அவருடைய நண்பர், புதிதாகத் திறந்த அலுவலகம், முதல் கட்சிக்காரர் என்று போகும். அந்தத் தொடர் எப்படிப்பட்டது என்பது இரண்டாவது எபிசோடின் கடைசியில் வரும் நடைபாதைச் சண்டையில்தான் தெரியவந்தது. கமரா அந்த ஒடுங்கிய நடைபாதையை விட்டு நகராது. பக்கத்து அறைகளுக்குள் நடக்கும் அடிதடி கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். விழுந்தவர்கள் திரும்ப எழும்புகிறார்கள். நாயகன் களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குகிறான். காட்சி வெட்டே ('கட்') இல்லாததுபோல் எடுக்கப்பட்ட அந்தச் சில நிமிடங்கள் சொல்வது ஒன்றுதான்: இந்தத் தொடரில் அடி வலிக்கும். முதல் எபிசோடோடு எழுந்து போனவர் அதைத் தவறவிட்டார். எல்லாம் ஒரே நாளில் வரும் தொடருக்கு இரண்டு எபிசோட் கொடுங்கள். கையில் இருக்கும்போது அதற்குக் காத்திருக்கவும் தேவையில்லை.

மூன்று எபிசோடோடு தொடங்குவது அமேசன் பிரைம் அடிக்கடி கையாளும் முறை. 'தி போய்ஸ்' இரண்டாம் சீசன் 2020 செப்டெம்பரிலும், 'இன்வின்சிபிள்' 2021 மார்ச்சிலும், 'ஜென் வி' 2023 செப்டெம்பரிலும் இப்படித்தான் வந்தன. எச்.பி.ஓ. மேக்ஸ் 2022 ஜனவரியில் 'பீஸ்மேக்கர்' தொடரையும் மூன்றோடு தொடங்கியது. இவற்றில் மூன்றும் சேர்ந்துதான் ஒரு தொடக்கம். முதல் நாளே பார்ப்பதென்றால் இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்வது தயாரித்தவர்களுக்கும் உங்களுக்கும் நியாயமில்லை.

'இன்வின்சிபிள்' பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முதல் எபிசோட் முக்கால்வாசி நேரம் ஒரு பதின்ம வயதுப் பையன் சக்தி பெறும் வழக்கமான கார்ட்டூன்போலவே போகும். பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கிய பிறகு வரும் காட்சிதான் தொடரின் உண்மையான தொடக்கம். 'அடுத்த எபிசோட்' பொத்தானை அவசரமாக அழுத்தினாலோ, ஆட்டோபிளே உங்களைத் தள்ளிக்கொண்டு போனாலோ அந்தக் காட்சி போய்விடும். இரண்டாவது எபிசோட் தலையும் புரியாது, வாலும் புரியாது. எந்தச் சூப்பர்ஹீரோ தொடரின் முதல் எபிசோடுக்கும் ஆட்டோபிளேயை நிறுத்தி வைத்துவிட்டுத் தொடங்குவதே நல்லது.

இரண்டோடு தொடங்கும் தொடர்களில்தான் ஏமாறுவதற்கு வழி அதிகம். 'வாண்டாவிஷன்' 2021 ஜனவரி 15இல் இரண்டு எபிசோடோடு வந்தது. இரண்டும் பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களின் பாணியில், கறுப்பு வெள்ளையில், சதுரச் சட்டகத்தில், அரை மணி நேர அளவில் இருந்தன. முதல் எபிசோடைப் பார்வையாளர்களை முன்னால் இருத்தியே எடுத்தார்கள். சண்டையை எதிர்பார்த்து வந்த பலர் அங்கேயே கைவிட்டார்கள். கதை நடக்கும் ஊருக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதை நான்காவது எபிசோட்தான் திறந்து காட்டியது. மொத்தம் ஒன்பது. அந்தத் தொடருக்கு நான்கு எபிசோட் கொடுத்தவர்தான் சரியாகத் தீர்ப்புச் சொல்லியிருக்க முடியும்.

2025 மார்ச் 4இல் இரண்டு எபிசோடோடு வந்த 'டேர்டெவில்: போர்ன் அகெய்ன்' வேறொரு பாடம். அந்தத் தொடரின் தயாரிப்பு பாதி வழியில் நின்றது. 2023இல் பொறுப்பாளர்கள் மாறி, கதை திருத்தப்பட்டது. முதல் எபிசோடும் கடைசி இரண்டும் அதன் பின்னர் புதிதாக எடுக்கப்பட்டவை. நடுவில் உள்ளவற்றில் பெரும்பகுதி பழைய படப்பிடிப்பிலிருந்து வந்தது. அதனால்தான் முதல் எபிசோடின் வேகமும் இருட்டும் இரண்டாவதில் அப்படியே தொடரவில்லை. ஐந்தாவது எபிசோடோ ஒரு வங்கிக் கொள்ளைக்குள் தனிக்கதையாக நின்றது. முதல் எபிசோடைப் பார்த்து மயங்கியவரும் இரண்டாவதைப் பார்த்துச் சலித்தவரும் ஒரு பகுதியை வைத்தே முழுமையை எடைபோட்டார்கள். ஒரு தொடர் இடைநிறுத்தப்பட்டுத் திருத்தி எடுக்கப்பட்டதாகச் செய்தி வந்திருந்தால் முதல் நாள் பார்க்க வேண்டாம். அதை முழுவதும் முடிந்த பிறகு பாருங்கள்.

ஒன்றே ஒன்றோடு தொடங்குபவை பெரும்பாலும் அந்த ஒன்றின் மேல் நம்பிக்கை உள்ளவை. 2019 ஒக்டோபரில் வந்த 'வாட்ச்மென்', 2024 செப்டெம்பரில் வந்த 'த பென்குவின்' இரண்டும் அப்படி. முன்னது 1921இல் டல்சா நகரில் கறுப்பின மக்கள் மீது நடந்த படுகொலையிலிருந்து தொடங்குகிறது. எதைப் பற்றிய தொடர் என்பதில் முதல் நிமிடத்திலேயே சந்தேகம் இருக்காது. பின்னதில், முதல் காட்சியில் நாயகன் கோபத்தில் செய்துவிடும் ஒரு கொலைதான் எட்டு எபிசோடையும் இழுத்துக்கொண்டு போகிறது. இந்த வகைக்கு முதல் நாள் மாலையே சரியான நேரம். வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்து, இடையில் நண்பர்களோடு கதைப்பதற்கென்றே கட்டப்பட்டவை இவை.

இயக்குநர் பெயரைப் பாருங்கள்

முதல் எபிசோடுக்குச் செலவழிக்கும் பணமும் நேரமும் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் கிடைக்காது. பறக்கும் காட்சி, உருமாறும் காட்சி, நகரம் இடியும் காட்சி ஆகியவற்றை அங்கேயே குவித்துவிட்டு, மூன்றாவது நான்காவதில் இரண்டு பேர் ஒரு அறைக்குள் இருந்து கதைக்கவிடுவது சாதாரணமாக நடப்பது. அதோடு, பேர்பெற்ற ஒருவர் முதல் எபிசோடை இயக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவதும் உண்டு. ஆகவே எபிசோட் பட்டியலைத் திறந்து யார் எதை இயக்கினார் என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

'லோகி' முதல் சீசனின் ஆறையும் கேட் ஹெரன் ஒருவரே இயக்கினார். 'வாண்டாவிஷன்' ஒன்பதும் மட் ஷாக்மன் கைவண்ணம். 'த பென்குவின்' தொடரின் முதல் மூன்றும் கிரெய்க் சோபெல் இயக்கியவை. ஒரே கை என்றால், முதல் எபிசோடில் நீங்கள் கண்ட காட்சி நடையும் நடிப்பின் தரமும் பின்னாலும் இருக்கும் என்று நம்பலாம். கதை எங்கே திரும்பும் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. 'வாண்டாவிஷன்' அதற்கு நல்ல உதாரணம்.

எபிசோடுக்குள் பார்க்க வேண்டியவை என்றால், என் கணக்கில் முதலில் சண்டை. யார் எங்கே நிற்கிறார், யார் யாரை அடித்தார் என்று சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் புரிகிறதா? புரிந்தால் சண்டையை அமைத்தவருக்குத் தொழில் தெரியும். ஒரு உதைக்கு ஐந்து காட்சி வெட்டு வைத்திருந்தால் நடிகர் தயாராகவில்லை, அல்லது படப்பிடிப்புக்கு நாள் போதவில்லை. முதல் எபிசோடிலேயே அப்படியென்றால் பிறகு திருந்துவது அரிது.

அடுத்தது, சக்திக்கு என்ன விலை என்பது. நாயகனால் எது முடியாது என்பதை முதல் எபிசோட் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறாவது எபிசோடில் ஆபத்து வரும்போது நமக்குப் பயம் வராது. 'மூன் நைட்' இதை அழகாகச் செய்தது. அருங்காட்சியகப் பரிசுக் கடையில் வேலைபார்க்கும் ஸ்டீவனுக்கு நினைவு அறுந்துபோகிறது. கண் திறக்கும்போது சண்டை முடிந்து கையில் இரத்தம் இருக்கிறது. அடித்தது யார் என்று அவனுக்கே தெரியாது. அந்தப் பதற்றம் எந்த வரைகலைக் காட்சியையும் விடக் கனமாக இறங்கியது.

வில்லன் முதல் எபிசோடில் முகம் காட்ட வேண்டும் என்பதில்லை. 'டேர்டெவில்' அவரை மூன்றாவது எபிசோடின் கடைசிவரை ஒளித்து வைத்தே வென்றது. ஆனால் வில்லன் தரப்புக்கு என்ன தேவை என்பது தெரிய வேண்டும்.

பழைய படங்களைப் பார்த்திருக்க வேண்டுமா என்பதும் முடிவை மாற்றும். 'லோகி' தன் நாயகனுக்கே அவனுடைய வாழ்க்கையைத் திரையில் போட்டுக் காட்டுகிறது. புதியவருக்கு அதுவே முன்கதைச் சுருக்கம். 'மூன் நைட்' எதையும் கேட்காது. 'த பென்குவின்' 2022இல் வந்த 176 நிமிட 'தி பேட்மேன்' படத்தின் முடிவில், நகரம் வெள்ளத்தில் மூழ்கிய பிறகு தொடங்குகிறது. படத்தைப் பார்க்காவிட்டாலும் கதை புரியும், ஆனால் ஊர் ஏன் அப்படிக் கிடக்கிறது என்பது மனதில் ஒட்டாது. படத்தை முந்தின வார இறுதியில் பார்த்துவிட்டு வாருங்கள்.

கொழும்பு நேரம், டேட்டா, மாதக் கட்டணம்

நெட்பிளிக்ஸ் தன் தொடர்களைப் பெரும்பாலும் கலிபோர்னியா நள்ளிரவில் விடும். நமக்கு அது பகல் 12.30, அமெரிக்கா குளிர்காலக் கணக்குக்கு மாறும் நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை 1.30. பள்ளி விடும் நேரம், அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். எச்.பி.ஓ. தொடர்கள் அமெரிக்கக் கிழக்கு நேரம் ஞாயிறு இரவு 9 மணிக்கு வந்தால் நமக்குத் திங்கட்கிழமை காலை 6.30, குளிர்காலத்தில் 7.30. ஆகவே கொழும்பில் வேலைக்குப் போகிறவர் வீடு திரும்புமுன் முக்கியமான திருப்பம் வட்ஸ்அப்பில் வந்து விழுந்திருக்கும். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு புதிரை அவிழ்க்கும் தொடர் என்றால், அன்று மாலை பார்ப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். சண்டையும் நகைச்சுவையுமாகப் போகும் தொடருக்கு இந்த அவசரம் வேண்டாம்.

எந்தத் தளத்தில் வருகிறது என்பதையும் பாருங்கள். நெட்பிளிக்ஸ் 2016 ஜனவரியிலும் பிரைம் வீடியோ அதே ஆண்டு டிசெம்பரிலும் இலங்கைக்கு வந்துவிட்டன. டிஸ்னி பிளஸ் இங்கே நேரடிச் சேவை தொடங்காததால், அதில் வரும் 'வாண்டாவிஷன்', 'லோகி' போன்ற மார்வல் தொடர்களின் நிலை வேறு. சென்னையிலோ டொராண்டோவிலோ உறவினர் வீட்டுக்குப் போகும்போது மொத்தமாகப் பார்ப்பதுதான் அவற்றுக்கு நேர்வழி. டெலிகிராமில் சுற்றும் 300 எம்.பி. பிரதியை வைத்து ஒரு தொடரின் படப்பிடிப்பைப் பற்றியோ வரைகலையைப் பற்றியோ தீர்ப்புச் சொல்லாதீர்கள். சட்டப் பிரச்சினை ஒருபக்கம் இருக்க, அந்த அளவுக்கு நசுக்கிய படத்தில் இருட்டுக் காட்சி எதுவும் மிஞ்சாது.

டேட்டா கணக்கு சுலபம். நெட்பிளிக்ஸ் சொல்வதன்படி மணிக்கு எஸ்.டி.யில் 1 ஜி.பி. வரையும், எச்.டி.யில் 3 ஜி.பி. வரையும், 4கே.யில் 7 ஜி.பி. வரையும் போகும். 50 நிமிட எபிசோட் எட்டு என்றால் 6 மணி 40 நிமிடம். எச்.டி.யில் 20 ஜி.பி., 4கே.யில் கிட்டத்தட்ட 47 ஜி.பி. முதல் மூன்று எபிசோட் மட்டும் என்றால் எச்.டி.யில் ஏழரை ஜி.பி. வீட்டு இணைப்பின் மாத ஒதுக்கீடு 40 ஜி.பி. என்றால், பிள்ளைகளின் சூம் வகுப்பும் அதில்தான் என்றால், முழு சீசனை 4கே.யில் பார்ப்பது மாதக் கடைசியில் எல்லாரையும் ஆமை வேகத்தில் தள்ளிவிடும். இணையத்தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய், ப்ரொஃபைலின் பிளேபேக் அமைப்பை 'மீடியம்' ஆக்கினால் மணிக்குச் சுமார் 0.7 ஜி.பி.யில் நிற்கும்; அந்த அமைப்பு டிவிக்கும் சேர்த்தே செல்லும். இரவு நேரத்துக்கென்று தனி டேட்டா தரும் பெக்கேஜ் வைத்திருப்பவர், அந்த நேரத்தில் போனிலோ டேப்லெட்டிலோ தரவிறக்கி வைத்தால் மறுநாள் செலவே இல்லை. அப்போது 'ஸ்மார்ட் டவுன்லோட்ஸ்' அமைப்பை நிறுத்திவிடுங்கள். பார்த்து முடித்த எபிசோடை அது தானாகவே அழித்துவிடும்; திரும்ப ஒருமுறை பார்க்க நினைத்தால் மறுபடி தரவிறக்க வேண்டிவரும்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை நேரத்தில் ரவுட்டரின் பிளக்கைக் கழற்றி வைக்கும் வீடுகளுக்கும் முன்கூட்டிய தரவிறக்கமே வசதி.

பணம் என்று பார்த்தால் பொறுத்திருப்பவருக்கே லாபம். வாரம் ஒன்றாக எட்டு எபிசோட் வரும் தொடர் முடிய 49 நாள் ஆகும்; இரண்டு மாதக் கட்டணம். மூன்றோடு தொடங்கினாலும் 35 நாள், அதுவும் இரண்டு கட்டணம். கடைசி எபிசோட் வந்த வாரத்தில் சந்தாவைத் தொடங்கினால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். கட்டணம் டொலரில் போவதால் அட்டை கொடுத்த வங்கியின் மாற்று விகிதமும் சேரும், மிச்சம் சிறியதல்ல. நெட்பிளிக்ஸின் மலிவான மொபைல் திட்டத்தை இதற்காக எடுக்க நினைத்தால் கவனியுங்கள்: அது 480பி தரம்தான், போனிலும் டேப்லெட்டிலும் மட்டும் ஓடும், டிவிக்கு அனுப்ப முடியாது.

பிழை தொடரிலா, திரையிலா

"கிராபிக்ஸ் மட்டமாக இருக்கிறது", "ஒன்றும் தெரியவில்லை, ஒரே இருட்டு". முதல் நாள் அபிப்பிராயங்களில் இந்த இரண்டும் தவறாமல் வரும். பல வீடுகளில் பிழை டிவியின் அமைப்பில்.

இந்தத் தொடர்கள் விநாடிக்கு 24 சட்டகத்தில் (ஃபிரேம்) எடுக்கப்படுகின்றன. டிவி இடையில் தானே சட்டகங்களை உருவாக்கிச் சேர்க்கும்போது, பறக்கும் உருவம் றப்பர் பொம்மைபோல் வழுக்கும். ஒட்டிய வரைகலையின் ஓரம் தெரியும். எல்.ஜி.யில் இதற்குப் பெயர் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி' அல்லது 'ஆட்டோ மோஷன் பிளஸ்'. அதை அணைத்துவிட்டு, 'விவிட்' நிலையிலிருந்து 'சினிமா' அல்லது 'ஃபில்ம்மேக்கர்' நிலைக்கு மாற்றுங்கள். அதே காட்சி வேறு தொடர்போல் தெரியும்.

இருட்டுக்குக் காரணம் இரண்டு. ஒன்று அறை வெளிச்சம். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஜன்னல் உள்ள பிளாட்டில் மாலை ஐந்து மணிக்கு இரவுக் காட்சி பார்க்க முடியாது. பொழுதுபட்டு ஏழு மணிக்குத் தொடங்குங்கள். மற்றது டேட்டா சேமிப்பு. போனில் 'சேவ் டேட்டா' போட்டுப் பார்த்தால் கறுப்பு உடை போட்டவன் கறுப்புச் சுவரோடு சதுரம் சதுரமாகக் கரைந்துபோவான். 'டேர்டெவில்' போன்ற இரவுத் தொடருக்கு முதல் எபிசோடை மட்டுமாவது எச்.டி.யில் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் நடக்கும் 'தி போய்ஸ்' குறைந்த தரத்தையும் ஓரளவு தாங்கும்.

வசனம் கேட்காமல் வெடிச்சத்தம் மட்டும் காதைப் பிளந்தால், டிவியின் சொந்த ஒலிபெருக்கிக்கு, பல ஒலிபெருக்கிகளுக்கென்று அமைத்த 5.1 ஒலித்தடம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒலிப் பட்டியலில் 5.1 இல்லாத தடத்துக்கு மாறுங்கள். வாகன இரைச்சலுள்ள காலி வீதிப் பக்கம் இருப்பவர்கள் சப்டைட்டிலையும் போட்டுவிடுங்கள்.

தமிழ் டப்பிங்கா, ஆங்கிலமும் சப்டைட்டிலுமா? 'தி போய்ஸ்' உட்படப் பல தொடர்கள் தமிழில் கிடைக்கின்றன. வீட்டில் அம்மம்மாவும் சேர்ந்து பார்க்கிறார் என்றால் தமிழ்தான். சண்டைக்கும் ஓட்டத்துக்கும் அது எதையும் குறைக்காது. ஆனால் தொடரை எடைபோடுவதற்கு முதல் எபிசோடை மூலக் குரலில் கேட்பது நல்லது. 'த பென்குவின்' போன்றவற்றில் பாதி நடிப்பு குரலில்தான் இருக்கிறது. டப்பிங்கில் குரல் ஒட்டாததை நடிகரின் குறையாக எடுத்துக்கொண்டு தொடரையே ஒதுக்கிவிடக் கூடாது.

பிள்ளைகள் உள்ள வீட்டில் வழி தேர்வதற்கு முன் வயதுக் குறியீட்டைப் பாருங்கள். அனிமேஷன் தொடர் என்றதும் பிள்ளைகளுக்கு என்று எண்ணிவிடுகிறோம். 'இன்வின்சிபிள்' முழுக்க முழுக்க அனிமேஷன்தான், ஆனால் வளர்ந்தவர்களுக்கானது. அதன் வன்முறை 'டேர்டெவில்' தொடரைவிடக் கொடியது. முதல் இருபது நிமிடத்தை எட்டிப்பார்த்து அனுமதி கொடுக்கும் பெற்றோர், கடைசிக் காட்சியைப் பிள்ளை தனியாகப் பார்க்க விட்டுவிடுவார்கள். முதலில் நீங்கள் முழு எபிசோடையும் பாருங்கள். வேண்டாமென்றால் உங்கள் ப்ரொஃபைலுக்கு 'பின்' எனும் இரகசிய எண் போட்டு, பிள்ளையின் ப்ரொஃபைலில் வயது வரம்பைக் குறையுங்கள். பத்து வயதுக்காரருக்குப் பின்னைச் சொல்லாமல் வைத்திருப்பதுதான் இதில் கடினமான வேலை. பிறந்த ஆண்டை மட்டும் போடாதீர்கள்.